மின்னலா, அலையா, உப்பா?

ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, சில நாள்களில் விடியலுக்கு முன்பே இடிச்சத்தம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து ஜெஞ்சாரோம்வாசிகளை எழுப்பிவிடும். இரவில் சுமத்ரா தீவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களைக் கடந்து வந்து கொட்டித் தீர்க்கும். அவை வந்த திசையை வைத்து, இந்தச் சூறைக்காற்றுக்கே ‘சுமத்ரா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் மாலுமிகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 200 நாள் இடி கேட்கிறது. உலகிலேயே மின்னல் மிகுந்த வட்டாரங்களுள் இதுவும் ஒன்று.

கடல்மேல் விழும் மின்னலுக்கு வெப்பமும் ஈரமும் மட்டுமே காரணமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் தோர்ன்டன் குழுவினர் 2005 முதல் 2016 வரை பதிவான மின்னல்களை வரைபடத்தில் இட்டுப் பார்த்தார்கள். இந்தியப் பெருங்கடலின் வடகிழக்கிலும் தென்சீனக் கடலிலும், கப்பல் பாதைக்கு நேர் மேலே மட்டும், அக்கம்பக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு மின்னல் விழுந்திருந்தது. கப்பல் புகையின் நுண்துகள்கள் மேகத் துளிகளைச் சிறுக்கவைக்கின்றன. சிறுத்த துளிகள் மழையாக விழாமல் உயரே போய்ப் பனிக்கட்டியாகின்றன. அந்தக் கட்டிகள் மோதி உரசும்போதுதான் மின்னேற்றம் பிறக்கிறது. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கும் விதி நடப்புக்கு வந்தது. அதன்பின் இந்தப் பாதைகளில் மின்னல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகப் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது.

குறைந்தாலும், நீரிணையில் நங்கூரமிட்டிருக்கும் பாய்மரப் படகுக்கு ஆபத்து நீங்கிவிடவில்லை. சுற்றிலும் தட்டையான நீர்; உயர்ந்து நிற்பது பாய்மரம் ஒன்றுதான். அதன் உச்சியில்தான் விஎச்எஃப் வானொலியின் ஆன்டெனாவும் காற்றுமானியும் இருக்கின்றன. கீழே ராடார், ஆழமானி, படகின் அடித்தட்டில் நீர் ஏறினால் அலறும் கருவி, மின்கலக் கண்காணிப்புத் திரை என்று வரிசையாகக் கருவிகள். இவற்றோடு ஏஐஎஸ். படகின் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் சுற்றியுள்ள கப்பல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி இது. ஆண்டுக்கு 80,000 கப்பல்களுக்கு மேல் கடக்கும் நீரிணையில், ராடாரில் சரியாகத் தெரியாத கண்ணாடியிழைப் படகு பிழைத்துக் கிடப்பதற்கு இது பெருந்துணை.

மின்னல் படகின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. சராசரி மின்னலில் 30,000 ஆம்பியர் மின்னோட்டம் மைக்ரோ நொடிகளில் உச்சத்தைத் தொடுகிறது. அப்போது எழும் காந்தப்புலம் அருகிலுள்ள ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். உள்ளே இருக்கும் சில்லுகளோ 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குபவை. இன்றைய படகில் எல்லாக் கருவிகளையும் ஒரே கேபிள் இணைத்திருப்பதால், ஒன்றில் நுழைந்த அதிர்ச்சி மற்றவற்றையும் தேடிப் போகும். அன்று தப்பித்த கருவி சில வாரங்கள் கழித்துச் செயலிழப்பதும் உண்டு.

காப்புறுதியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிலாங்கூரில் கடல் காப்புறுதிக்கு இன்றும் அடிப்படை, 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழி இங்கு வந்து சேர்ந்த 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடல் காப்புறுதிச் சட்டம். வழக்கமான தேய்மானத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்கிறது அதன் 55ஆவது பிரிவு. உல்லாசப் படகுகளுக்கென லண்டனில் 1985இல் வகுக்கப்பட்ட நிபந்தனைகள் இன்னும் நுணுக்கமானவை. மின்னலால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் கடல் கொந்தளிப்பில் மின்கருவிகள் பழுதானால் இல்லை. படகு நீரில் மூழ்கியிருந்தாலோ, தரைதட்டியிருந்தாலோ, வேறொரு படகிலோ துறைமேடையிலோ மோதியிருந்தாலோதான் கிடைக்கும்.

ஆக, இருண்டுபோன ஒரே திரைக்கு மூன்று பதில்கள். மின்னல் என்றால் பணம். அலை தெறித்து என்றால் பெரும்பாலும் இல்லை. உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் அரித்தது என்றால் நிச்சயமாக இல்லை. அதே சுமத்ரா மின்னலையும் அலையையும் ஒருசேரக் கொண்டுவருவதால், நள்ளிரவில் எது முதலில் தாக்கியது என்பதே வழக்காகிவிடுகிறது. படகுக்காரர்கள் பலர் பாலிசியின் இந்தப் பக்கத்தை இழப்புக்குப் பிறகுதான் படிக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

மதிப்பீட்டாளர் கருவியின் மூடியைக் கழற்றிப் பார்ப்பார். சர்க்யூட் பலகையில் செப்புத் தடங்கள் கருகி உரிந்திருந்தால் அது மின்னதிர்ச்சியின் தடயம். இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம்போல் படிந்திருந்தால் அது உப்பின் வேலை. பாய்மர உச்சியில் ஆன்டெனா உருகிக் குச்சியாக நின்றால் பேச்சே தேவையில்லை. திசைகாட்டி பல பாகை விலகிக் காட்டினாலும் அது மின்னலுக்குச் சாட்சி. படகின் இரும்புப் பாகங்கள் காந்தமேறியிருக்கக்கூடும்.

ஆகவே, பின்னால் பொருத்திய கருவிகளை மதிப்போடு பாலிசியில் சேர்த்துவிடுவது முதல் வேலை. வரிசை எண்களின் படங்களும் ரசீதுகளும் கரையில் இருக்கட்டும். மின்னல் அடித்த மறுநாளே, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தாலும், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். பல வாரங்கள் கழித்துச் சாகும் கருவிக்கு அந்தக் கடிதமே ஆதாரம். மேகம் கறுக்கும்போது அனுபவசாலிகள் கையடக்க வானொலியையும் ஜிபிஎஸ்ஸையும் சமையலறையின் ஓவனுக்குள் வைத்து மூடுகிறார்கள். உலோகப் பெட்டி மின்புலத்தை உள்ளே விடாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இல் செய்து காட்டியதை நம்பித்தான். மற்ற எல்லாம் கருகினாலும், உதவி கேட்க ஒரு குரல் மிச்சமிருக்கும்.