கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி ஊசி

நம் சங்க இதழில் வழக்கமாக ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, மே 5 வணிகர் தின ஏற்பாடு இவைதான் இடம்பெறும். இந்த முறை ஆசிரியர் குழு நண்பர் கடைக்கு வந்து, "கல்லாவுல உக்காந்து பின்னிக்கிட்டே இருக்கீங்களே, அதப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார். முதலில் சிரித்தேன். அறுபதைத் தாண்டிய மொத்த வியாபாரி, ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திண்டிவனம் கடைத்தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. சரி, எழுதியே விடுவோம் என்று தோன்றியது.

குரோஷா என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் கைவேலைதான் அது. நுனியில் கொக்கி வைத்த ஒரே ஊசி, ஒரே நூல். ரேடியோவுக்கும் பிறகு டி.வி.க்கும் உறை, தொட்டில் துணி, வாசல் தோரணம் என்று ஒரு காலத்தில் இது இல்லாத வீடே கிடையாது. பெயர் பிரெஞ்சுச் சொல். சிறிய கொக்கி என்று பொருள்.

எனக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியும் மோருமாக ஒரு மாதத்துக்கு மேல் திண்ணையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கன்னியாஸ்திரீகளிடம் கைவேலை பழகியவர். (க்ளூனி சபைச் சகோதரிகள் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அங்கே அவர்கள் நடத்திய எம்பிராய்டரிக் கூடம் பல பெண்களுக்குச் சோறு போட்டது.) நான் அழுது அடம்பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஊசியை என் கையில் கொடுத்துச் செயின் போடக் கற்றுக்கொடுத்தார். அப்பாவுக்குக் கோபம். "ஆம்பளப் புள்ள கையில ஊசியா?" என்றார். அம்மா தலையை நிமிர்த்தாமலே, "மரக்காணத்துல வல பின்றவன் ஆம்பளதானே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

பின்னாளில் நானும் நூல், பொத்தான், லேஸ், ஊசி என்று தையல் சாமான் மொத்த வியாபாரத்துக்கே வந்தேன். விற்கிற சரக்கைக் கையாளத் தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. நூல் பெட்டியைப் பிரித்ததுமே முறுக்கு சரியா, பளபளப்பு நிற்குமா என்று விரலே சொல்லிவிடும். பருத்தி நூலுக்கு அந்தப் பளபளப்பு தானாக வருவதில்லை. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1840-களில் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் உறுதியும் சாயம் பிடிக்கும் தன்மையும் கூடுவதைக் கண்டார். இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் மினுமினுப்பும் வரும் என்பதை லோ என்பவர் 1890-களில் கண்டார். நாம் மெர்சரைஸ்டு என்று பில் போடுவது மெர்சர் பெயரால்தான். நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும். 10-ஐவிட 20 மெல்லியது, 40 அதைவிட மெல்லியது. புதிதாகக் கடை வைப்பவர்கள் இதைத் தலைகீழாக எண்ணி ஆர்டர் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது. ஊசிக்கும் வெளிநாடு போக வேண்டியதில்லை. நீலகிரியில் கேத்தி பக்கம் 1949-ல் தொடங்கிய ஆலையிலிருந்து வரும் போனி ஊசியை நான் நாற்பது வருடமாக விற்கிறேன். என் கையில் இருப்பதும் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதை உருவி இழுத்தால் மொத்தமும் பிரிந்து நூலாகிவிடும். மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணி கூடிப்போனால் அப்போது தெரியாது. பதினோராம் சுற்றில் விளிம்பு அலை அலையாக எழும்பிக் காட்டிக்கொடுக்கும். பேரேட்டில் சித்திரை மாதம் விட்ட தவறு பங்குனியில் இடிப்பது மாதிரி. அப்போது எட்டுச் சுற்றையும் பிரிக்க வேண்டும். மனசு வராது. ஆனால் பிரித்தாலும் நூல் நூலாகவே இருக்கும். வெட்டிய துணி மாதிரி வீணாகாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடைத்தெரு ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் பலர் செல்போனை நோண்டுகிறார்கள், சிலர் கடன் வராத கவலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கண்ணி எண்ணுகிறேன். எண்ணும்போது கவலைப்பட முடியாது.

இத்துடன் நிறுத்தினால் நான் ஏதோ பெரிய மனிதன் மாதிரித் தோன்றும். 1994-ல் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம் புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகளுக்கு விற்க மேஜை விரிப்பு கேட்டார். ஓர் அடி விட்டத்தில், 20-ஆம் நம்பர் வெள்ளை நூலில், வட்ட விரிப்பு. மயிலம் பக்கத்துக் கிராமத்தில் ஐந்து பெண்களைப் பிடித்தேன். நூல் என்னுடையது, ஒன்றுக்கு 8 ரூபாய் கூலி. நான் 22 ரூபாய்க்குக் கொடுத்தேன். நூல் 4 ரூபாய் போக 10 ரூபாய் எனக்கு நின்றது. நூலைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பேன், விரிப்பு வந்ததும் திருப்பி நிறுப்பேன், எடை குறைந்தால் கூலியில் பிடிப்பேன். சரியான வியாபாரம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அந்தப் பெண்களில் ஒருத்தி விரிப்புகளை மேஜைமேல் வைத்துவிட்டு, என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தபடியே, "மொதலாளி, நீங்களும்தான் பின்றீங்க. இது ஒண்ணு பின்ன ஒங்களுக்கு எத்தினி நேரம் ஆவுது?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. உண்மையில் எனக்குத் தெரியாது. பொழுதுபோக்காகப் பின்னுகிறவன் கடிகாரம் பார்ப்பானா?

அன்றிரவு கடையைச் சாத்திவிட்டுக் கடிகாரத்தை முன்னால் வைத்து அதே விரிப்பைப் பின்ன உட்கார்ந்தேன். மறுநாளும் சேர்த்து மொத்தம் 6 மணி 40 நிமிடம் ஆனது. சிறுவயதிலிருந்து பழகிய கை, நல்ல விளக்கு, இடையில் அழும் குழந்தை கிடையாது. அப்படியும் மணிக்கு ஒரு ரூபாய் இருபது காசுதான் வருகிறது. மணிலாக் காட்டில் களை வெட்டப் போனால்கூட இதைவிட நல்ல கூலி. நூலை எடை போடத் தெரிந்த எனக்கு நேரத்தை எடை போடத் தோன்றவில்லை, அதுவும் அந்த வேலை தெரிந்த எனக்கு.

கூலியை 20 ரூபாயாக்கினேன். புதுச்சேரிக் கடைக்காரர் அந்த விலைக்கு வேண்டாம் என்று ஆர்டரையே நிறுத்திவிட்டார். ஆக, 8 ரூபாயும் போயிற்று. நான்கு பெண்கள் களை வெட்டப் போய்விட்டார்கள். செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அதன்பின் கூலிக்குப் பின்னக் கொடுக்கும் வேலையை மட்டும் நான் எடுக்கவே இல்லை. நூலும் ஊசியும் விற்பதோடு சரி.

இது என் ஒருவன் கதை அல்ல என்று பிறகு தெரிந்தது. ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நர்சாபூரில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னும் பெண்களை எல்லோரும் "சும்மா இருக்கிற வீட்டுக்காரிகள்" என்று கணக்கில் சேர்ப்பதால்தான் கூலி அடிமட்டத்தில் நிற்கிறது, லாபம் முழுதும் ஏற்றுமதியாளர் பக்கம் போகிறது என்பது அவர் கண்டது. நர்சாபூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த மதிப்பு கைக்கும் கிடைத்தால் நல்லது.

நாகர்கோவிலில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1820-களில் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணைமேல் ஊசி குத்தி, கட்டையில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் வேலை. அந்தக் காசில் அடிமைப்பட்டிருந்த பெண்கள் தங்களை விடுவித்துக்கொண்டதாக மிஷன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். ஊசி அதே ஊசிதான்.

சென்னையில் 2016 ஜனவரி 31-ஆம் தேதி 'மதர் இந்தியா குரோஷே குவீன்ஸ்' அமைப்பின் பெண்கள், சுபஸ்ரீ நடராஜன் முயற்சியில், 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றைச் சேர்த்து விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். பிறகு அதைப் பிரித்து ஏழைகளுக்குப் போர்வையாகக் கொடுத்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சாதனையைவிட அதுதான் பிடித்தது.

கடைசியாக ஒன்று. 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழை நம் ஊரில் என்ன செய்தது என்று நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. என் குடோனில் முழங்கால் அளவு தண்ணீர். சிவப்பு நூலின் சாயம் வெள்ளை நூலில் இறங்கிவிட்டது. அலசிக் காயவைத்து, தேறியதை வந்த விலைக்குத் தள்ளினேன். திட்டுத் திட்டாக ரோஜா நிறம் ஏறிய வெள்ளை நூல் ஒரு பெட்டி மிஞ்சியது. அதில் பேத்திக்குத் தொட்டில் விரிப்பு பின்ன ஆரம்பித்தேன்.

அந்த ஐந்து பேரில் களை வெட்டப் போகாத ஒருத்தி, என்னைக் கேள்வி கேட்டாளே அவள்தான், இப்போது கல்யாண ஆர்டர் எடுத்துத் தானே விலை வைத்து விற்கிறாள். அந்தப் பங்குனியில் நூல் வாங்க வந்தவள் விரிப்பைக் கையில் எடுத்தாள். "கறை நூலா மொதலாளி?" என்றாள். ஆமாம் என்றேன். திருப்பிப் போட்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மூணாஞ் சுத்துல ஒண்ணு கூடியிருக்குது" என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எண்ணிப் பார்த்தேன். கூடித்தான் இருந்தது. சாயந்திரம் உட்கார்ந்து பிரித்தேன்.