நா அறிந்த இனிப்பும் உடல் அறிந்த சர்க்கரையும்

ஒரு மாலை வேளையில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெரியவருக்கு நீரிழிவு நோய் கண்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. "வெள்ளைச் சர்க்கரையை அறவே விட்டுவிட்டேன், இப்போதெல்லாம் கருப்பட்டிக் காப்பிதான்" என்று பெருமையோடு கூறியவாறே, அவர் இரண்டாவது குவளையையும் பருகி முடித்தார். அருகே பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலை விரித்து வைத்துக்கொண்டு, "குளுக்கோஸ் ஆல்டிஹைடு வகை, ஃபிரக்டோஸ் கீட்டோன் வகை" என்று பேத்தி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஒரே கூடத்தில் பாட்டனும் பேத்தியும் ஒரே பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். ஆயினும் ஒருவர் பேச்சு மற்றவர் செவியில் ஏறவில்லை. தேர்வுக்கென்று அவள் படித்த பாடத்தில் தாத்தாவின் நலத்திற்கான செய்தி ஒன்று இருந்தது. அதை அவளும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து நம் அடுக்களைக்குக் கொண்டுவருவோம். மாணவர்க்கு இது தேர்வுக்கு உதவும். பெற்றோருக்குக் குடும்ப நலத்திற்கு உதவும்.

கரியும் நீரும்

வாணலியில் ஒரு கரண்டி சர்க்கரையை இட்டு மெல்லச் சூடேற்றினால் என்ன நிகழ்கிறது? முதலில் இளகுகிறது, பின்பு பொன்னிறமாகிறது, அதன்பின் பழுப்பாகிறது. மேலும் சூடேற்றினால் புகைந்து கருகிக் கரிக்கட்டியாகவே நின்றுவிடுகிறது. புகையின் மேல் குளிர்ந்த தட்டொன்றைப் பிடித்தால் அதில் நீர்த்துளிகள் படிகின்றன. வெண்மையான சர்க்கரைக்குள்ளிருந்து கரியும் நீரும் வெளிப்படுகின்றன.

இதனைக் கண்ட 19-ஆம் நூற்றாண்டு வேதியியல் அறிஞர்கள் இவ்வகைப் பொருள்களுக்குக் 'கார்போஹைட்ரேட்' என்று பெயரிட்டனர். நீரோடு கூடிய கரி என்பது அதன் பொருள். நீர் உள்ளே நீராகவே தேங்கி நிற்கிறது என்று கொள்ளலாகாது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் மூன்று தனிமங்களின் அணுக்கள் அங்கே பிணைந்துள்ளன. அவற்றுள் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் நீரில் உள்ளவாறே இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்துள்ளன.

இவற்றைப் படைப்பது பச்சை இலை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் இலை சர்க்கரையைச் செய்கிறது, ஆக்ஸிஜனை வெளிவிடுகிறது. நெல்லும் கரும்பும் பனையும் வாழையும் இந்த ஒரே தொழிலையே செய்கின்றன.

அணுக்கள் அவையே, அமைப்பு வேறு

சர்க்கரைகளுள் எளியது, நமக்கு மிகவும் வேண்டியது, குளுக்கோஸ். அதன் ஒரு மூலக்கூறில் 6 கார்பன் அணுக்களும் 12 ஹைட்ரஜன் அணுக்களும் 6 ஆக்ஸிஜன் அணுக்களும் உள்ளன. பழங்களிலும் தேனிலும் உள்ள ஃபிரக்டோஸிலும் இதே எண்ணிக்கைதான். பாற்சர்க்கரையில் அடங்கியுள்ள காலக்டோஸிலும் அதுவே. ஒரே செங்கற்களைக் கொண்டு மூன்று வேறு வீடுகள் கட்டியதைப் போன்றது இது. குளுக்கோஸுக்கும் காலக்டோஸுக்கும் உள்ள வேறுபாடு, ஒரே ஒரு கார்பன் அணுவைச் சுற்றியுள்ள அமைப்பில் மட்டுமே.

கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணிய வேறுபாடுகளை, இன்றுள்ள கருவிகள் பலவும் இல்லாத காலத்தில், எளிய சோதனைகளையும் கூர்த்த மதியையும் கொண்டு கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் எமில் ஃபிஷர். அவருக்கு 1902-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குளுக்கோஸைப் பற்றி இன்னொரு செய்தியை மாணவர்கள் நினைவில் இருத்த வேண்டும். நீரில் அது பெரும்பாலும் வளைய வடிவிலேயே இருக்கிறது. அவ்வப்போது சில வளையங்கள் திறந்துகொள்ளும்போது, ஆல்டிஹைடு என்னும் வினைபுரியும் முனை வெளிப்படுகிறது. நீல நிறப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறுவது இம்முனையின் செயலே. முற்காலத்தில் நீரிழிவு நோயாளரின் சிறுநீரை இக்கரைசலில் இட்டுச் சோதித்ததை நம் முதியோர் பலர் அறிவர். இந்தத் திறந்த முனையைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

இரண்டு கைகோத்தால்

ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து, இடையே ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றினால் கிடைப்பது சுக்ரோஸ். கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை இதுவே. கணக்கும் எளிது: 180-உம் 180-உம் கூட்டி, நீரின் 18-ஐக் கழித்தால் சுக்ரோஸின் மூலக்கூறு எடையான 342 வரும். இரண்டின் வினைபுரியும் முனைகளுமே இப்பிணைப்பில் மாட்டிக்கொள்வதால் சுக்ரோஸ் பெனடிக்ட் கரைசலின் நிறத்தை மாற்றுவதில்லை. தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் வினா இது.

குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தது பாலிலுள்ள லாக்டோஸ். உறையிட்ட பாலில் நுண்ணுயிர்கள் இதனை லாக்டிக் அமிலமாக மாற்றுவதாலேயே தயிர் புளிக்கிறது.

தேனீயும் ஒரு வேதியியல் வல்லுநரே. மலரின் மதுவிலுள்ள சுக்ரோஸைத் தன் நொதியால் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. ஃபிரக்டோஸ் சர்க்கரையைவிட இனிப்பு மிக்கது. குளுக்கோஸோ குளிர்ந்தால் எளிதில் மணிமணியாக உறையும். ஆகவே, புட்டியில் தேன் உறைந்துவிட்டது என்பதைக் கொண்டே அது கலப்படத் தேன் என்று முடிவு செய்தல் தவறு.

நம் பனையேறிகளும் இவ்வறிவில் குறைந்தவரல்லர். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் அவர்கள் சுண்ணாம்பு தடவுவது ஏன்? வடியும் சாற்றில் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புகுந்து, சுக்ரோஸைப் பிளந்து, புளிக்கச் செய்து கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதனைத் தடுக்கிறது. சுக்ரோஸ் சிதையாமல் இருப்பதனால்தான் பதநீரைக் காய்ச்சும்போது கருப்பட்டி கெட்டியாகத் திரள்கிறது. பனங்கற்கண்டாகப் பூப்பதும் அந்தச் சுக்ரோஸே.

சோறும் பருத்தியும்

இரண்டு என்ன, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ்கள் கைகோத்து நீண்ட சங்கிலியாவதும் உண்டு. அதுவே மாவுச்சத்து. அரிசி, கோதுமை, கேழ்வரகு, உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகிய அனைத்திலும் நிறைந்திருப்பது இதுதான். ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு துளி டிங்சர் அயோடினை விட்டால் கருநீலம் தோன்றும். மாவுச்சத்துச் சங்கிலியின் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதால் தோன்றும் நிறம் அது. சோதித்த கஞ்சியைக் கொட்டிவிடுதல் வேண்டும்.

சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் மெல்ல ஓர் இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள நொதி சங்கிலியை வெட்டத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. எஞ்சிய வேலையைச் சிறுகுடல் முடிக்கிறது. இறுதியில் இரத்தத்தில் சேர்வது குளுக்கோஸே.

நாம் உடுத்தும் பருத்தியாடையும் பெரும்பாலும் குளுக்கோஸ் சங்கிலியே என்றால் வியப்பாக இருக்கும். அதன் பெயர் செல்லுலோஸ். சோறு பசியாற்றுகிறது, பருத்தி பசியாற்றுவதில்லை. காரணம் யாது? மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் ஒரே முகமாக நின்று கைகோக்கின்றன. செல்லுலோஸிலோ ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் மாறி மாறி நிற்கின்றன. அப்பிணைப்பை வெட்டும் நொதி மனிதரிடம் இல்லை. பசுவுக்கும் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்து வைக்கோலையும் உணவாக்குகின்றன. நமக்கோ கீரையிலும் காய்களிலும் உள்ள செல்லுலோஸ் நார்ச்சத்தாக நின்று மலச்சிக்கலைத் தவிர்க்கிறது.

இரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

நலமுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் வெறும் வயிற்றில் உள்ள குளுக்கோஸ் முழுவதையும் திரட்டினால் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே தேறும். இந்தச் சிறு அளவை உடல் கண்ணுங்கருத்துமாகக் காத்து வருகிறது. உணவுக்குப்பின் மிகும் குளுக்கோஸை உயிரணுக்களுக்குள் செலுத்தவும், கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கவும் இன்சுலின் துணை செய்கிறது. இன்சுலின் குறைந்தாலோ, அதன் ஆணைக்கு உடல் செவிசாய்க்காவிட்டாலோ, குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது.

முன்பு கூறிய திறந்த முனை இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. அது இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலை தெரிந்துவிடும். 'மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை' என்று மருத்துவர் எழுதித் தருவது இதனையே. சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து இந்தச் சோதனையை ஏமாற்ற இயலாது. உடலின் மற்றப் புரதங்களிலும் குளுக்கோஸ் இவ்வாறே ஒட்டுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை பழுதுபடுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

கருப்பட்டியின் கணக்கு

இனிப் பெரியவரின் குவளைக்கு வருவோம். கருப்பட்டியில் மணமுண்டு, தாதுப் பொருள்களும் சிறிதளவு உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸே. வெல்லமும் அத்தகையதே. தேனில் உள்ளவை சுக்ரோஸ் பிளந்து கிடைக்கும் அதே இரு சர்க்கரைகள். நாக்கு இவற்றுக்கிடையே வேறுபாடு காண்கிறது. குடலோ எல்லாவற்றையும் பிளந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவுமே இரத்தத்தில் சேர்க்கிறது. வந்தது கரும்பிலிருந்தா, பனையிலிருந்தா என்று இரத்தம் கேட்பதில்லை.

சோற்றின் கணக்கோ இன்னும் பெரிது. சமைக்காத அரிசி 100 கிராமில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்தே. காப்பியில் ஒரு கரண்டி இனிப்பை மறுத்துவிட்டு, தட்டில் சோற்றைக் குவித்துக்கொள்வது வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதாகும். சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவதே பொருத்தம். மாத்திரையை நம் விருப்பப்படி நிறுத்துதலோ மாற்றுதலோ கூடாது. அது மருத்துவரின் பொறுப்பு.

ஆனால் ஒன்று. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவருக்குச் சில வேளைகளில் குளுக்கோஸ் அளவுக்கு மீறிக் குறைந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். அப்போது அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரை நீரோ கொடுத்தல் வேண்டும். சோறு போட்டுக் காத்திருத்தல் ஆகாது. சங்கிலி அறுபட நேரமாகும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உயிர் காக்கும் சர்க்கரை

சர்க்கரையைப் பகையாகவே எண்ணிவிடவும் வேண்டா. 1971-ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்திற்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் நீர்மம் போதாத நிலையில், போங்காவ் என்னும் ஊரில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். இறப்பு பெரிதும் குறைந்தது. குடற்சுவரில் குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் ஒன்றுக்கொன்று துணையாகவே உள்ளே செல்கின்றன. நீரும் அவற்றைத் தொடர்கிறது. உப்பு நீர் மட்டும் செய்யாததைச் சர்க்கரை சேர்ந்த உப்பு நீர் செய்கிறது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். அளவு பிசகலாகாது, மருத்துவரிடம் காட்டவும் தாமதிக்கலாகாது.

அன்று மாலை விடைபெறுமுன் பேத்தியை அழைத்து, "உன் பாடத்தைத் தாத்தாவுக்குச் சொல்லிக் காட்டு, அம்மா" என்றோம். அவள் தயங்கியவாறே, "தாத்தா, கருப்பட்டியிலும் அதே சுக்ரோஸ்தான் இருக்கிறது" என்றாள். பெரியவரின் முகம் சற்று வாடிற்று. "பனை தந்ததுமா பகை?" என்று கேட்டார். "பகையில்லை தாத்தா. அளவுதான்" என்று கூறி, தாளில் வளையங்களை வரைந்து காட்டத் தொடங்கினாள். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து நோக்கினார். சிறிது நேரம் கழித்து, "அப்படியானால் இராச் சோற்றையும் அல்லவா குறைக்க வேண்டும்?" என்றார்.

அவர் கேட்ட அக்கேள்வி நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் இன்றிரவே எழட்டும்.