ராஜன் மகாதேவனின் நினைவாற்றல்: எரிக்சன் ஆய்வு

ராஜன் மகாதேவன் 1957-இல் சென்னையில் பிறந்தவர். 1981 ஜூலை 5 அன்று, மங்களூரில், பை என்னும் கணித மாறிலியின் 31,811 இலக்கங்களை மனப்பாடமாக ஒப்பித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். 1987-இல் ஜப்பானியரான ஹிதேயாகி தொமோயோரி 40,000 இலக்கங்கள் சொல்லி அதை முறியடித்தார்.

சாதனை கைமாறிய பிறகும் உளவியலாளர்கள் ராஜனை விடவில்லை. இத்தகைய நினைவாற்றல் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா என்பதே அவர்களின் கேள்வி. (அட்டாவதானிகளையும் சதாவதானிகளையும் 'வரம் பெற்றவர்கள்' என்றே நாமும் பேசி வந்திருக்கிறோம்.)

ஒருமுறை மட்டும் கேட்ட எண்வரிசையில் ஏழு இலக்கங்கள் வரை திருப்பிச் சொல்வது பெரும்பாலோரின் அளவு. ராஜன் அதைப்போல் இருமடங்குக்கும் மேல் சொன்னார். ஆகவே எண்களுக்கான தனித்திறன் அவருக்குப் பிறவியிலேயே அமைந்தது என்று, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரை ஆராய்ந்த சார்லஸ் தாம்சன் குழுவினர் 1993-இல் எழுதினர்.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஆண்டர்ஸ் எரிக்சன் (1947–2020) இதை ஏற்கவில்லை. அதற்கு அவருடைய பழைய ஆய்வு ஒன்று காரணம். அதில் சாதாரண நினைவாற்றல் கொண்ட ஒரு கல்லூரி மாணவர், ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சியில் ஏழு இலக்கங்களிலிருந்து 79-க்கு முன்னேறினார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எனவே 3492 என்பதை மூன்று நிமிடம் 49.2 நொடி என ஓட்ட நேரமாக மாற்றிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறுக்கே இறங்கிவிட்டார்.

ராஜனுக்கும் எரிக்சன் இதே வழியில் சோதனை வைத்தார். இம்முறை எழுத்துகளும் இல்லை. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்ற பத்துக் குறிகள். ராஜனின் அளவு மற்ற மாணவர்களின் அளவுக்கே வந்துவிட்டது! பிறவியிலேயே பெரிய நினைவுக்கிடங்கு இருந்திருந்தால் குறிகளும் அதில் அடங்கியிருக்க வேண்டும். பையை மனப்பாடம் செய்யச் செலவிட்ட ஏறத்தாழ ஆயிரம் மணி நேரத்தில், எண்களைப் பதியவைக்கும் உத்திகளை ராஜன் கற்றுக்கொண்டார் என்பதே 2004-இல் வெளியான கட்டுரையின் முடிவு. அதன் ஆசிரியர்களுள் ராஜனும் ஒருவர்.

எண்களோடு ஆயிரம் மணி நேரம் உட்காரும் ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இச்சோதனை விடை தரவில்லை. ஆனால் குறிச் சோதனை தொடர்ந்தபோது நடந்ததைக் கவனிக்க வேண்டும். ராஜன் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணைப் பொருத்திக்கொண்டார். அவருடைய அளவு மீண்டும் ஏறத் தொடங்கியது.