அகராதியில் கங்காணி

படிவம் நான்கில் ஆங்கிலக் கதை ஒன்றை வாசித்தபோது 'கூலி' என்ற சொல் வந்தது. வகுப்பில் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் கோல சிலாங்கூர் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருபவன் என்பது அவனுக்குத் தெரியும். பால்மரம் வெட்டிய பாட்டியை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். குஜராத்தின் 'கோலி' சமூகத்தாரின் பெயரிலிருந்து அச்சொல் வந்தது என்பர் சிலர். தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பர் வேறு சிலர். நமக்குக் கூலி என்பது உழைப்புக்குத் தரும் பணம். ஆங்கிலத்திலோ அது உழைக்கும் ஆளுக்கே பெயராகி, வசையாகவும் ஆனது.

அதன்பின் அகராதியை விட மனமில்லை. சுருட்டு அங்கே 'செரூட்', கட்டுமரம் 'கேட்டமரான்', மிளகுத்தண்ணீர் 'முல்லிகடாவ்னி' என்ற சூப். இத்தகைய சொற்களுக்கென்றே யூல், பர்னல் இருவரும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

என்னை நிறுத்தி வைத்தது 'கங்கனி'. நம் கங்காணிதான்! கண்காணிப்பவர் என்பதால் கண்காணி. தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் கப்பலேற்றி அழைத்து வருவார். 1938இல் இந்திய அரசு தடை விதித்ததும் அந்த முறை முடிவுக்கு வந்தது.

சொற்கள் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு', ஆங்கிலப் 'பரேட்'. நாங்கள் குடியிருந்த 'லயம்', 'லைன்'. தோட்டப் பெயர்களையும் பாருங்கள். 1917இல் நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை பயிரிட்ட தோட்டம் நம் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில்தான் உள்ளது. அதைத் தொடங்கிய ஹென்றி ஃபோகொனியே பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவர். தோட்டத்தின் பெயரோ 'தென்னமரம்'! செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயர்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "கங்காணிய போட்டுட்டான், சரி. பெரட்டுல நின்னவள போட்டிருக்கானா?"

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று இரவு மட்டும் முப்பத்தோரு தோட்டச் சொற்கள் சொன்னார்.