லெட்டர்பேடின் ஓரத்தில் ஏழு பெயர்கள்

திருவண்ணாமலையில் இளைஞர்களுக்காக வேலை செய்கிற தொண்டு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. மாலை நேர டியூஷன், தையல் பயிற்சி, கம்ப்யூட்டர் வகுப்பு, மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதி, படிப்பை நிறுத்திய பையன்களுக்கு ஒரு கைத்தொழில் என்று பல வகை. ஊரில் எல்லாருக்கும் நிறுவனரைத் தெரியும். "சார் நடத்துறார்", "மேடம் நடத்துறாங்க" என்பார்கள். லெட்டர்பேடை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஐந்தோ ஏழோ பெயர்கள் இருக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை நிர்வாகம் என்பது சார் ஒருத்தர் இல்லை, அந்த ஏழு பேரும் சேர்ந்துதான். அவர்கள் யார், என்ன செய்ய வேண்டியவர்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் கோயில். இந்த ஊரில் நிர்வாகக் குழு என்றாலே நினைவுக்கு வருவது அருணாசலேஸ்வரர் கோயில் அறங்காவலர் குழு. அதற்கு 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் இருக்கிறது. குழுவில் 3 முதல் 5 பேர். அதில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், ஒருவர் பெண். அதே சட்டத்தின் 25-ஏ பிரிவு யார் அறங்காவலர் ஆகலாம் என்று சொல்கிறது. கடவுள் நம்பிக்கை வேண்டும், நல்ல நடத்தை வேண்டும், உள்ளூரில் மரியாதை இருக்க வேண்டும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்து ஒன்று வருகிறது பாருங்கள்: கோயில் காரியத்தைக் கவனிக்கப் போதுமான நேரமும் ஆர்வமும் இருக்க வேண்டும். 26ஆவது பிரிவு யாரெல்லாம் கூடாது என்கிறது. 25 வயதுக்குக் குறைந்தவர் கூடாது. கோயிலோடு குத்தகையோ ஒப்பந்தமோ வைத்திருப்பவர் கூடாது. கோயில் கடையை வாடகைக்கு எடுத்தவர் குழுவில் உட்கார்ந்து வாடகையை நிர்ணயிக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். நடைமுறையில் இந்தப் பதவிகளில் அரசியல் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேள்விகளாவது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

இளைஞர் நிறுவனத்துக்கு வந்தால் இந்தக் கேள்விகளில் பாதி காணாமல் போய்விடும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிந்தால் 7 பேர் வேண்டும். செயற்குழுவில் குறைந்தது 3 பேர், பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதே ஆள் திரும்ப வரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். நேரம் இருக்கிறதா, பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. டிரஸ்ட் என்றால் இன்னும் சுலபம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ஆவணம், கணவன் மனைவி இரண்டு பேர், போதும். மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950இலிருந்து தனிச் சட்டமும் சாரிட்டி கமிஷனரும் உண்டு. தமிழ்நாட்டில் மதம் சாராத அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. டிரஸ்டி சரியில்லை என்றால், அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேராவது நீதிமன்ற அனுமதி வாங்கி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் வழக்குப் போட வேண்டும். தையல் வகுப்புக்கு வருகிற பெண் எங்கே போய் இதைச் செய்வாள்? கம்பெனிச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் பதிவானவையும் உண்டு. கணக்கு வழக்கில் அங்கே கெடுபிடி அதிகம். சின்ன ஊரில் அப்படிப் பதிபவர்கள் குறைவு.

சரி, உண்மையில் யார் உட்காருகிறார்கள்? நான் பார்த்த பட்டியல்களில் ஒரு சாயல் இருக்கிறது. நிறுவனரின் மனைவியோ தம்பியோ ஒருவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் (பெரும்பாலும் தலைவர் அவர்தான், விழாவில் நன்றாகப் பேசுவார்). ஆடிட்டரின் நண்பர் ஒருவர். கடை வைத்திருக்கிற, ஆண்டு விழாவுக்குச் சாப்பாடு போடுகிற ஒரு பெரிய மனிதர். கல்லூரியில் கூடப் படித்தவர் ஒருவர், இப்போது பெங்களூரில். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருமே நிறுவனரை நம்பி வந்தவர்கள், சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நம்பிக்கையால் வந்தவருக்குக் கேள்வி கேட்க வாய் வராது. "சும்மா பேருக்குத்தான் சார், வருஷத்துக்கு ரெண்டு கையெழுத்து" என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள். மினிட்ஸ் புத்தகம் வீட்டுக்கே வரும், காட்டுகிற இடத்தில் போட்டுவிட வேண்டியது.

1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தில் ஒரு அளவுகோல் இருக்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி டிரஸ்டி இதையும் பார்க்க வேண்டும். சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது, ஆனாலும் பொது அறக்கட்டளை வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. தன் வீட்டுப் பணம் என்றால் பேங்க் பாஸ்புக்கைப் பார்க்காமல் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பதினாலு வயதுப் பிள்ளைகள் வந்து போகிற இடத்தில், ஒரு பிள்ளை பயிற்சியாளரைப் பற்றி ஏதோ சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. இப்போது அந்தப் பயிற்சியாளர் நிறுவனரின் மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையோ அதன் அம்மாவோ யாரிடம் போவார்கள்? லெட்டர்பேடில் இருக்கிற ஏழு பேரில் குடும்பத்துக்கு வெளியே, அடிக்கடி வந்து போய், பிள்ளைகளுக்கு முகம் தெரிந்த ஒருவராவது இருந்தால் போக ஓர் இடம் உண்டு. போர்டு எதற்கு என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நல்ல பெயருள்ள ஆட்கள் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் லண்டனின் கிட்ஸ் கம்பெனி கதையைப் படிக்க வேண்டும். கமிலா பாத்மாங்கெலிட்ஜ் 1996இல் ஆரம்பித்த, ஏழைப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்குமான தொண்டு நிறுவனம். பிபிசியின் ஆலன் யென்டோப் 2003இலிருந்து போர்டு தலைவர். பிரதமர்கள் வரை செல்வாக்கு, கோடிக்கணக்கில் அரசு மானியம். 2015 ஜூலை கடைசியில் 30 லட்சம் பவுண்டு மானியம் வந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். தேவை பெருகப் பெருகச் செலவும் பெருகியது, கையிருப்பு என்று சொல்ல எதுவும் சேரவில்லை. 2016இல் பாராளுமன்றக் குழு போர்டைக் கடுமையாகச் சாடியது. அதோடு முடியவில்லை. அந்த டிரஸ்டிகளை இனி எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்கத் தடைசெய்ய வேண்டும் என்ற வழக்கை உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. அவர்கள் நேர்மையானவர்கள், தகுதியற்றவர்கள் என்று சொல்ல முடியாது என்றது. அடுத்த வருஷமே சாரிட்டி கமிஷன் அறிக்கை வந்தது. ஊழியர் சம்பளமும் வரியும் உரிய நேரத்தில் கட்டப்படாததை நிர்வாகக் குறைபாடு என்று குறித்தது. நான் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறேன். நேர்மையான, கெட்டிக்காரர்களான ஆட்கள், யாரும் பணத்தைத் திருடவில்லை. ஆனாலும் ஒரு நாள் காலையில் பிள்ளைகள் வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ரமணாசிரமத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர்கள் பலர் தொண்டு வேலையில் இருக்கிறார்கள். பணம் கொண்டுவருவது அவர்கள், மனசும் அவர்களுடையது. ஆனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டுமென்றால், வெளிநாட்டுக் குடிமக்கள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பதைப் பொதுவாக ஏற்பதில்லை, விதிவிலக்குகள் குறைவு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பொறுப்பாளர்கள் ஆதார் எண் கொடுக்க வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் கிளைக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 இருந்தது. அதனால் என்ன ஆகிறது? முடிவெடுப்பவர் ஒருவர், போர்டில் இருப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் சில இடங்களில் டிரைவர், சில இடங்களில் வீட்டுக்காரர்.

கிராமத்து இளைஞர் நற்பணி மன்றங்களில் நிலைமை தலைகீழ். அங்கே தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருமே இளைஞர்கள். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை இளைஞர் என்கிறது, அந்தக் கணக்குக்குள்தான் இருப்பார்கள். குறையென்றால், செயலாளருக்குச் செய்யாறு சிப்காட்டிலோ ஓசூரிலோ வேலை கிடைத்ததும் மினிட்ஸ் புத்தகமும் அவர் பையோடு போய்விடும். ஆனாலும் எனக்கு இந்த மன்றங்களைப் பிடிக்கும். யாருக்காக நடத்துகிறோமோ அவர்களே முடிவெடுக்கிறார்கள். நகரத்து நிறுவனங்களில் அங்கேயே படித்து வளர்ந்த 22 வயதுப் பெண் ஒருத்தியைச் செயற்குழுவில் சேர்க்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 18 முடிந்தால் போதும். கோயிலுக்குத்தான் 25.

நேரத்தைச் சட்டமாக எழுத முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்க வேண்டும். தலைவரும் 4 உறுப்பினர்களும். அந்தக் குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு டியூஷன் சென்டர் போர்டுக்கு 20 நாள் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வகுப்பு நடக்கிற நேரத்தில், வகுப்பு நடக்கிற இடத்தில் கூடினாலே பெரிய மாற்றம்.

உங்களை யாராவது இப்படி ஒரு குழுவுக்குக் கூப்பிட்டால் முதலில் பைலாவையோ டிரஸ்ட் ஆவணத்தையோ வாங்கிப் படியுங்கள். செக்கில் யார் யார் கையெழுத்து என்று கேளுங்கள். இரண்டும் ஒரே வீட்டுக் கையெழுத்தா என்று பாருங்கள். கட்டடம் யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். டிரஸ்டிக்கோ அவர் சொந்தக்காரருக்கோ நியாயத்துக்கு மேல் பலன் போனால் வருமான வரி விலக்கே போய்விடலாம். பிடிக்காமல் விலகினால், ராஜினாமாக் கடிதம் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். சங்கமாக இருந்தால் செயற்குழு மாற்றத்தைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது நடந்ததா என்று ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் விலகிப் பல வருஷம் ஆன பிறகும் பதிவாளர் ஃபைலில் பொருளாளர் நீங்கள்தான்.