வார் அறுவதற்கு முன்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயைக் கடந்தவர்கள் அவ்விறக்கத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். இரட்டைப் பாலத்தின் அருகே நேர்ந்த விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் பிரேக் என்னும் சொல்லே முதலில் நம் கண்ணிற்படும். சில வண்டிகளில் அந்தப் பிரேக்குக்கும், எஞ்சினின் முகப்பில் ஓடும் ஒரு ரப்பர் வாருக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதைப் பலர் அறியார். அந்த வாரைப் பற்றியும், அதனை வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்ளும் முறையைப் பற்றியும் இன்று கூற விழைகிறேன்.

எஞ்சினுள் பிஸ்டன்களின் இயக்கத்தால் சுழல்வது கிராங்குத் தண்டு. அதன் முனையில் ஒரு கப்பி உண்டு. மெக்கானிக்குகள் அதனைப் புல்லி என்பர். அந்தக் கப்பியின் சுழற்சியை மற்ற உறுப்புகளுக்கு எடுத்துச் செல்வதே வாரின் பணி. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், குளிர்சாதனத்தின் கம்பிரஸர், பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பு, சிலவற்றில் பவர் ஸ்டியரிங் பம்பு ஆகியவை அதனால் இயங்குகின்றன. மின்கலத்தால் ஓடும் புதிய கார்களில் இதற்கு வேலையில்லை. பெட்ரோல், டீசல் வண்டிகளிலோ பெரும்பாலும் இஃதின்றி நெடுந்தூரம் செல்ல இயலாது.

வழுவழுப்பான ஒரு வார் எப்படி இவ்வளவு சுமையை இழுக்கிறது? திமிறும் காளையை ஒரு சிறுவன் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் அதன் கயிற்றை ஒரு தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியைப் பிடித்துக்கொண்டால் நிறுத்திவிடுவான். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆய்லர் என்னும் கணித மேதை இதற்குக் கணக்கு வகுத்தார். உராய்வெண் 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குப் பிடிப்பு 6 மடங்குக்கு மேலாகிறது. இரண்டு சுற்றுக்கு 40 மடங்கையும் தாண்டிவிடுகிறது. எனவே வார் ஒரு கப்பியை எவ்வளவு தழுவிச் செல்கிறதோ, அவ்வளவுக்கு நழுவாது.

பழைய நெல் அரைவை ஆலைகளில் ஓடிய அகன்ற தட்டை வாரைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அதன் பின் வந்தது ஆப்பு வடிவ வார். அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் 1917-ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். கப்பியின் சரிந்த பள்ளத்தில் ஆப்புப்போல் இறுகிக்கொள்வதால் அதன் பிடிப்பு தட்டை வாரைவிட ஏறத்தாழ 3 மடங்கு மிகுதி. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரில் நாம் ஃபேன் பெல்ட் என்று வழங்கியது இதையேதான். நம் மதுரையில் ஃபென்னர் நிறுவனம் நெடுங்காலமாக இத்தகைய வார்களைச் செய்துவருகிறது.

ஆப்பு வாருக்கு ஒரு குறை உண்டு. தடிமனானதால் சிறிய கப்பிகளில் வளையும்போது வெப்பமடைந்து வலுவிழக்கும்; பின்புறமாக வளையவும் இசையாது. ஆகவே உறுப்புகள் மிகும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வார்கள் வேண்டியிருந்தன. இக்குறையைத் தீர்த்தது, உட்புறம் நெடுகச் சிறு முகடுகள் கொண்ட மெல்லிய நீண்ட வார். பாம்பைப்போல் நெளிந்து எல்லாக் கப்பிகளையும் ஒன்றாகத் தழுவிச் செல்வதால் ஆங்கிலத்தில் அதற்கு செர்ப்பன்டைன் பெல்ட் என்று பெயர். 1979-ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு மஸ்டாங் கார் இதனைப் பெயர்பெறச் செய்தது. ஒரே வாரில் எல்லாம் அடங்கியது வசதிதான். அந்த ஒன்று அறுந்தால் எல்லாம் ஒருங்கே நிற்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அறுந்தவுடன் என்ன நேரும்? முதலில் மின்கல விளக்கு சிவப்பாக எரியும். தண்ணீர்ப் பம்பு இந்த வாரால் ஓடுவதாயின் வெப்பமுள் ஏறத் தொடங்கும். சேலத்திலிருந்து கணவாய் ஏறி வருபவர்களுக்கு அது சில நிமிடங்களில் நேரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் சக்கரத்தைத் திருப்புவது திடீரென்று கடினமாகும். வத்தல்மலையின் கொண்டையூசி வளைவுகளில் அந்நிலையை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றினும் கொடியது, சில பழைய டீசல் வண்டிகளில் நேர்வது. அவற்றில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அமைந்திருக்கும். வார் அறுந்தால் அதுவும் நிற்கும். தேங்கிய வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கே போதும். அதன் பிறகு முழு உடல் பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். பிரேக் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் அதை அறியாத ஓட்டுநர் கலங்கிவிடுவார். அந்நிலையில் கியரைக் குறைத்து, எஞ்சினை அணைக்காமல், மிதித்த காலை எடுக்காமல் ஓரங்கட்ட வேண்டும்.

வாரின் மூப்பை எவ்வாறு அறிவது? பழைய நியோப்ரீன் ரப்பர் வார்களில் குறுக்கே வெடிப்புகள் தோன்றும். இன்றைய வார்கள் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பரால் ஆனவை. அவை எளிதில் வெடிப்பதில்லை, டயரைப்போல் தேய்கின்றன. வெடிப்பில்லையே என்று மகிழ்வது தவறு. முகடுகள் கூர்மையடைந்து, இடையிலுள்ள பள்ளங்கள் அகன்றிருந்தால் காலம் வந்துவிட்டதென்று பொருள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலும், எண்ணெய் ஊறியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது கீச்சென்று கத்தினால், அன்று ஆலைகளில் தட்டை வாருக்குக் குங்கிலியம் தூவியதை நினைத்துக்கொண்டு எதையேனும் பூசிவிடாதீர்கள். முகடுள்ள வாருக்கு அது கேடே செய்யும்.

புதிய வாரை வாங்குமுன் பழையதன் முதுகிலுள்ள எழுத்துகளைப் பாருங்கள். 6பிகே1070 என்றிருந்தால், 6 முகடுகள், 1070 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். சற்றே ஏறக்குறைய இருந்தாலும் ஆகும் என்று கடைக்காரர் கூறினால் ஏற்க வேண்டாம்.

இனி வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மின்கலத்தின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வார் எந்தக் கப்பியின் மேலும் எதன் கீழும் செல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்வது இன்றியமையாதது. வகுப்பறையாயின் கரும்பலகையில் வரைந்து காட்டிவிடுவேன். வானொலியில் அதற்கு வழியில்லை. பின்னர் டென்ஷனர் என்னும் இழுவைக் கப்பியைத் தேடுங்கள். நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரால் அதன் நடுத் திருகைத் திருப்பினால் உள்ளிருக்கும் வில் இறுகி, வார் நெகிழும். திருப்ப வேண்டிய திசை வண்டிக்கு வண்டி மாறும். எட்டுவதற்கு எளிதான கப்பியிலிருந்து வாரை நழுவவிட்டு, டென்ஷனரை மெல்ல விடுங்கள். சட்டென்று விட்டால் விரல் நசுங்கும். சில சிறிய கார்களில் வில் இல்லை. ஆல்டர்னேட்டரின் திருகுகளைத் தளர்த்தி அதனையே நகர்த்த வேண்டும். அவற்றில் இறுக்கம் அளவோடு இருத்தல் வேண்டும். மிகையாக இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் பேரிங் விரைவில் கெடும். டென்ஷனரும் திருகும் இன்றி, வாரின் நெகிழ்ச்சியையே நம்பும் அமைப்பும் உண்டு. அதற்குத் தனிக் கருவி வேண்டுமாதலால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நன்று.

பலர் அவசரத்தில் தாண்டிவிடும் ஒரு செய்கை இங்கே உள்ளது. வார் கழன்ற நிலையில் கிராங்குக் கப்பியைத் தவிர மற்ற ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று ஒலித்தாலோ ஆட்டம் கண்டாலோ அந்தப் பேரிங்கையும் மாற்றாமல் புது வாரை ஏற்றிப் பயனில்லை. பெரும்பாலான வார்களை அழிப்பது வயதன்று, சாய்ந்து நிற்கும் ஒரு கப்பியே என்பது என் கருத்து.

புதிய வாரைப் படத்தின்படி ஏற்றிக் கடைசியாக வழவழப்பான கப்பியின் மேல் நழுவச் செய்க. ஒவ்வொரு முகடும் தன் பள்ளத்தில் அமர்ந்துள்ளதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்; ஒரு முகடு வெளியே தொங்கினாலும் சிறிது தூரத்திலேயே வார் கிழியும். கிராங்குக் கப்பியை ஸ்பானரால் எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில் இருமுறை சுற்றிய பின்னர் மின்கலத்தை இணைத்து எஞ்சினைக் கிளப்பலாம். அப்போது வேட்டி நுனியும் துண்டும் அருகில் இருத்தல் ஆகாது.

இதே எஞ்சினில் மூடிக்குள் மறைந்து டைமிங் பெல்ட் என்னும் பற்களுள்ள வார் ஒன்றும் சில வண்டிகளில் இருக்கும். அதனை வீட்டில் தொடவே கூடாது. ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும்.

வாரை மாற்றிய நாளையும் கிலோமீட்டர் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கழற்றிய பழைய வார் அறுந்திராவிட்டால், அதனையும் அந்த ஸ்பானரையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.