உங்களுக்குத் தெரியுமா?

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை எதிர்த்து மட்டுமல்ல. தங்கள் சொந்தத் தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே அண்டவிடவில்லை!

• பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்களின் பெண்கள்.

• போனஸ் 10 சதவீதம்தான் என்றதுதான் பொறி. கொழுந்து கிள்ளும் அவர்களுக்கு அன்றைய நாள்கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் மறியலில், போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கைக்கு வந்தது. கூலி அக்டோபரில் 301 ஆனது. கேட்டதோ 500!

• இந்தப் பெண்கள் உருவாக்கிய அமைப்பின் பெயர் ‘பொம்பிளை ஒருமை’. தோட்டத்துத் தமிழ்தான், மலையாளப் பத்திரிகைகளும் மொழிபெயர்க்காமல் அப்படியே அச்சிட்டன.

• முன்னின்றவர்களில் ஒருவரான கோமதி, அதே ஆண்டு நவம்பரில் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.